உயரம் தாண்டாத பையன்

'தாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படத்தை ஒரு தடவையாவது டி.வி.யில் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளாத அம்மாக்கள் குறைவு. 2007 டிசம்பர் 21-ம் தேதி வெளிவந்தது. எட்டு வயதுப் பையன் இஷான், மூன்றாம் வகுப்பையே இரண்டாம் வருஷமாகப் படிக்கிறான். எழுத்துக் கூட்டத் தெரியவில்லை, கணக்கு வரவில்லை, ஆனால் வண்ணத்தைக் கையில் எடுத்தால் உலகமே மறந்து போகிறது. அவனைத் திட்டித் தீர்த்து ஹாஸ்டலில் கொண்டுபோய்த் தள்ளுகிறார்கள். அங்கே வரும் ஓவிய வாத்தியார் நிகும்ப், பையனுக்கு டிஸ்லெக்சியா என்று கண்டுபிடித்துக் கைதூக்கி விடுகிறார். கதை இவ்வளவுதான்.

இந்தப் படத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர் 'ஹை ஜம்ப்' என்றால் நம்புவீர்களா? உயரம் தாண்டுதல்! விளையாட்டு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கயிற்றைத் தாண்ட, இஷானால் மட்டும் முடியவில்லை என்று ஒரு காட்சி இருந்ததாம். எடுத்தும் விட்டார்கள். பிறகு படத்தொகுப்பில் அந்தக் காட்சி போனது, அதோடு பெயரும் போனது. 'பூமியில் நட்சத்திரங்கள்' என்ற பெயரில்தான் படம் வந்தது. நட்சத்திரம் அழகான பெயர்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் எனக்கென்னவோ பழைய பெயரே மனசில் நிற்கிறது. ஒரே கயிற்றை ஒரே உயரத்தில் கட்டிவிட்டு எல்லோரையும் தாண்டச் சொல்வதுதானே நாம் பிள்ளைகளுக்குச் செய்வது?

கதை பிறந்த விதம் இன்னும் சுவாரஸ்யம். இதை எழுதியவர் அமோல் குப்தே. அவர் மனைவி தீபா பாட்டியா, படத்தொகுப்பாளர். கதைக்கு வித்து போட்டவரே அந்த அம்மாள்தான். டிஸ்லெக்சியா பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. ஜப்பானிய சினிமா மேதை அகிரா குரோசவாவின் சின்ன வயசுக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது.

குரோசவா ஆரம்பப் பள்ளியில் மந்தமான பிள்ளை. அழுமூஞ்சி வேறு. அவருக்கு தச்சிகாவா என்று ஒரு வாத்தியார் வாய்த்தார். மற்ற வாத்தியார்கள் மாதிரியைக் காட்டி 'இதைப் பார்த்து வரை' என்பார்களாம். இவரோ, 'உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்' என்று விட்டுவிட்டார். குரோசவா கலர் பென்சிலால் தீட்டிவிட்டு, எச்சில் தொட்டுத் தொட்டு வண்ணத்தைப் பரப்பி, கையெல்லாம் கறையாக்கிக்கொண்டு ஒரு படம் வரைந்தார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. வாத்தியார் சிரித்தவர்களை அதட்டிவிட்டு, அந்தப் படத்தை வாயாரப் புகழ்ந்து, அதன்மேல் சிவப்பு மையால் பெரிதாக மூன்று வட்டம் போட்டாராம். ஜப்பானில் அது மிகச் சிறந்த மதிப்பெண். அன்று முதல் பையனுக்குப் பள்ளிக்கூடம் இனித்தது. பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் கதையில் அவரே இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு டிஸ்லெக்சியா இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. கதைக்கு வேண்டியிருந்தது அந்த மூன்று வட்டம் மட்டும்.

அங்கே தொடங்கிய சிறுகதை, திரைக்கதையாகி முடிய 7 வருஷம் ஆயிற்று. நம்மில் சிலர் ஏழு வருஷமாக ஒரு ஸ்வெட்டரைப் பின்னிக்கொண்டிருப்போமே, அப்படி! இடையில் புருஷனும் மனைவியும் படிப்பு வராத பிள்ளைகளை, அவர்களுக்குச் சொல்லித்தருகிறவர்களை எல்லாம் தேடித்தேடிப் பார்த்திருக்கிறார்கள். படத்தை இயக்குவதாக இருந்தவரும் குப்தேதான். படப்பிடிப்பு ஆரம்பித்த பிறகு அந்தப் பொறுப்பு, தயாரித்து நடித்த ஆமிர் கானிடம் போனது. ஆமிர் இயக்கிய முதல் படம் அதுதான். குப்தே எழுத்தாளராகவும் கிரியேட்டிவ் டைரக்டராகவும் இருந்தார். தீபா படத்தொகுப்பு செய்தார். சினிமாக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், நமக்கு அந்த வம்பு வேண்டாம்.

இஷானாக நடித்த தர்ஷீல் சஃபாரியை எங்கே பிடித்தார்கள் தெரியுமா? மும்பையில் ஷியாமக் தாவரின் நடனப் பள்ளியில். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் இவனிடம் வந்து நின்றார்கள். கண்ணில் ஒரு குறும்பு, முன்னால் துருத்திய இரண்டு பல்! ஹாஸ்டலில் காலுக்குத் தாங்கி போட்டுக்கொண்டு வரும் சிநேகிதன் ராஜனை நினைவிருக்கிறதா? அந்தப் பையன் தனய் சேடா. மறு வருஷமே 'ஸ்லம்டாக் மில்லியனேர்' படத்தில் கதாநாயகனின் பள்ளி வயதுப் பருவத்தில் வந்தவனும் அவன்தான்.

ஆமிர் கான் எவ்வளவு பெரிய ஸ்டார்! ஆனால் தான் இயக்கி, தான் தயாரித்த படத்தில் பாதி ஓடிய பிறகுதான் முகத்தையே காட்டுகிறார், அதுவும் கோமாளி வேஷத்தில். அதுவரை அந்தப் பொடிப்பையன் ஒருத்தனே படத்தைச் சுமக்கிறான். நம் ஊர் ஹீரோக்கள் யாராவது சம்மதிப்பார்களா, சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஓவியங்கள். இஷான் வரைந்ததாகக் காட்டும் படங்களை வரைந்தவர் சமீர் மண்டல் என்ற பெரிய நீர்வண்ண ஓவியர். பெரியவர் கை பெரியவர் கைதானே? குழந்தை வரைந்தது மாதிரி வரைவது சுலபமா? வேண்டுமானால் நீங்கள் உங்கள் பிள்ளை போடும் கோடு மாதிரி ஒரு கோடு போட்டுப் பாருங்கள், கை சொன்னபடி கேட்காது. அதனால் அவர் மும்பை அந்தேரியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஒரு வாரம் உட்கார்ந்தார். அவர்கள் தூரிகையை எப்படிப் பிடிக்கிறார்கள், வண்ணத்தை எப்படி அப்புகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கடைசியில் வரும் ஓவியப் போட்டியில் நடுவராக வரும் வெள்ளை முடி அம்மாளும் நிஜமான ஓவியர்தான். லலிதா லஜ்மி. நடிகர் குரு தத்தின் தங்கை. 2023-ல் காலமானார். குரு தத் பிறந்தது நம் பக்கத்து பெங்களூரில்!

பெயர்கள் ஓடும்போது வரும் களிமண் பொம்மைக் காட்சியைச் செய்தவர் திமந்த் வியாஸ். களிமண் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுக்க வேண்டும். அப்புறம் பரீட்சையில் வரும் அந்த 3 பெருக்கல் 9! பையன் கண்ணை மூடுகிறான். மூன்றாவது கிரகமான பூமி போய் ஒன்பதாவது கிரகமான புளூட்டோவை இடிக்கிறது. புளூட்டோ சுக்குநூறு, பூமி பத்திரம். ஆக விடை 3! எழுதிவிட்டுப் பெருமையாகச் சிரிக்கிறான். அவன் கணக்கும் ஒரு விதத்தில் சரிதான். 2006 ஆகஸ்டிலேயே விஞ்ஞானிகள் கூடி புளூட்டோவைக் கிரகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களே!

சிரித்துக்கொண்டே பார்க்கிற இந்தக் காட்சிக்குள் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. பையனுக்கு மூளை ஓடவில்லை என்று யார் சொன்னது? அது பிரம்மாண்டமாக ஓடுகிறது. கேட்ட கேள்வியின் பாதையில்தான் ஓடவில்லை.

ஹாஸ்டல் காட்சிகளை மகாராஷ்டிரத்தில் பஞ்ச்கனி என்ற மலையூரில், நியூ எரா ஹைஸ்கூலில் எடுத்தார்கள். 1945-ல் பஹாய் மதத்தார் தொடங்கிய பள்ளி. அங்கே படித்த பிள்ளைகளும் படத்தில் இருக்கிறார்கள். இஷான் முதலில் படிக்கும் பள்ளி, மும்பை செயின்ட் சேவியர்ஸ். சிறப்புக் குழந்தைகளின் பள்ளியாக வருவதில் 'ட்யூலிப்ஸ்' பள்ளியின் நிஜக் குழந்தைகளே வருகிறார்கள். அந்தச் சிரிப்பு நடிப்பில்லை, அதனால்தான் மனசைத் தொடுகிறது.

இதே குப்தே 2011-ல் 'ஸ்டான்லி கா டப்பா' என்று இன்னொரு பள்ளிக்கூடப் படம் எடுத்தார். டிபன் டப்பா கொண்டுவராத ஒரு பையனின் கதை, பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். அது எடுத்த விதமே தனி. சனிக்கிழமைகளில் சில மணி நேரம், சுமார் ஒன்றரை வருஷம், நாடகப் பயிற்சி மாதிரி நடத்தி, ஃபோட்டோ எடுக்கும் சின்ன கேமராவிலேயே படமாக்கினார். சினிமா எடுக்கிறார்கள் என்றே பிள்ளைகளுக்குத் தெரியாதாம். யாருக்கும் ஒரு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. கதாநாயகன் அவருடைய சொந்தப் பிள்ளை பார்த்தோ. மற்றவர் டப்பாவில் கைவைக்கும் தின்னிப்பண்டார வாத்தியாராக குப்தேயே நடித்தார்! சீரியல், விளம்பரம் என்று பிள்ளைகளைப் பகலெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் நிற்கவைக்கும் பெற்றோர்கள் இந்தப் படத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

2025 ஜூனில் வந்த 'சித்தாரே ஜமீன் பர்' இதன் தொடர்ச்சி என்று சிலர் நினைக்கிறார்கள். கதை வேறு. ஸ்பானிஷ் படம் ஒன்றைத் தழுவியது, கூடைப்பந்து ஆடும் மனவளர்ச்சி குறைந்த இளைஞர்களைப் பற்றியது. அதை இயக்கியவர் 'கல்யாண சமையல் சாதம்' எடுத்த நம் ஆர்.எஸ். பிரசன்னா.

இனி, நம் ஊருக்கு வருகிறேன்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, அப்படியே நாமக்கல் என்று இந்தப் பக்கம் முழுக்க ஹாஸ்டல் பள்ளிகள். மதிற்சுவர், பெரிய கேட், பஸ்கள், ரிசல்ட் நேரத்தில் படம் போட்ட பேனர்கள். 'ஹாஸ்டல்ல போட்டா சரியாயிடும்' என்பது இங்கே ஜுரத்துக்கு மாத்திரை சொல்வது மாதிரி எல்லோரும் சொல்கிற வைத்தியம். படத்திலும் அதைத்தானே செய்கிறார்கள்! வீட்டை விட்டுப் போகிற இஷான் ஒரு சின்ன நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் படம் வரைந்திருப்பான். விரலால் சரசரவென்று புரட்டினால், அப்பா, அம்மா, அண்ணன் நிற்க, குட்டிப் பையன் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிப் போய்ப் பக்கத்தை விட்டே மறைந்துவிடுவான். படம் முழுக்க அதைவிடக் கொடுமையான காட்சி எனக்கு இல்லை. வசனம் ஒன்றும் கிடையாது.

எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் பெண்ணின் மகன் நாலாம் வகுப்பு. அப்பா சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பாட்டி வீடு அத்திப்பள்ளிப் பக்கம் என்பதால் லீவு விட்டால் கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். எங்கள் ஊரில் இது சாதாரணம். ஓசூர்ப் பிள்ளைகள் நாலு பாஷையிலும் சண்டை போடுவார்கள்! இந்தப் பையனும் நாலிலும் வாயாடி. கதை சொன்னால் இரண்டாம் தடவை அவனே திருப்பிச் சொல்லுவான், நான் விட்டதையும் சேர்த்து. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வயிற்றுவலி வந்துவிடும்.

"நாலு பாஷை கலந்து புள்ளைக்கு மூளை கொழம்பிப் போச்சு" என்கிறார் பாட்டி. "செல்போன்தான் காரணம்" என்கிறார் அப்பா. வகுப்பு டீச்சர் "கேர்லெஸ்" என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி அனுப்புகிறார். வரும் ஜூனில் ஹாஸ்டல் என்று பேச்சு முடிந்து, முன்பணம் கட்டுவதுதான் பாக்கி.

ஒருநாள் நானும் அந்தப் பெண்ணும் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். கர்நாடக பஸ் ஒன்று வந்தது. நெற்றியில் கன்னடத்தில் போர்டு.

"எங்கே போற பஸ்ஸும்மா? படியேன்" என்றேன்.

"கன்னடம் எனக்குப் பேசத்தான் வரும் அக்கா, படிக்க வராதே."

"நல்லாத்தானே பேசறே? சோம்பேறித்தனமா?"

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பஸ் கிளம்பிப் போகிற வரைக்கும் அந்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் ஓவிய வாத்தியார் இஷானின் அப்பாவுக்கு இதையேதான் செய்வார். புரியாத அயல்நாட்டு எழுத்து அச்சடித்த ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து, 'படியுங்கள்' என்பார். 'எப்படிப் படிக்கிறது?' என்று அப்பா எரிந்து விழுவார். 'கவனிக்காமல் சேட்டை பண்ணுகிறீர்கள்' என்று திருப்பிக் கொடுப்பார் வாத்தியார். மும்பைக்காரர்களுக்கு அதற்கு ஒரு பெட்டி வேண்டியிருக்கிறது. எல்லையில் இருக்கும் நமக்கு பஸ் போர்டே போதும்! ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அவளுக்குக் கன்னட எழுத்தை யாரும் சொல்லித்தரவில்லை. பையனுக்குத் தினமும் சொல்லித்தருகிறார்கள், அடித்தும் சொல்லித்தருகிறார்கள். ஆனாலும் எழுத்து அவன் மனசில் நிற்க மாட்டேன் என்கிறது. அதற்குப் பெயர்தான் டிஸ்லெக்சியா. 'கற்றலில் குறைபாடு' என்று தமிழில் எழுதுகிறார்கள். புத்திக் குறைவும் இல்லை, கண் கோளாறும் இல்லை. எழுத்தின் வடிவத்தையும் அதன் ஓசையையும் முடிச்சுப் போடும் வேலையை மூளை வேறு விதமாகச் செய்கிறது. பல குடும்பங்களில் தலைமுறையாக வருவதும் உண்டு. பல பாஷை பேசுவதால் இது வராது. பாட்டிகள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

படத்தில் வாத்தியார் இஷானின் பழைய நோட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு பார்ப்பார். மதிப்பெண்ணைப் பார்க்க மாட்டார், தப்புகளைப் பார்ப்பார். இங்கிலீஷில் சின்ன 'பி'யும் சின்ன 'டி'யும் இடம் மாறியிருக்கும். சில எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும். ஒரே சொல் ஒரே பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். கவனக்குறைவில் வருகிற தப்பு இப்படி வராது. பந்து பிடிப்பானா, ஷூ லேஸ் கட்டுவானா என்றும் கேட்பார். உயரம் தாண்டத் தெரியாத காட்சியை வெட்டினாலும் அதன் சாயல் இங்கே இருக்கிறது, பாருங்கள். எழுத்தைத் தவறவிடும் பிள்ளைகள் எல்லோரும் அல்ல, சிலர், கை-கால் வேலையிலும் இப்படித் தடுமாறுவார்கள்.

நம் தமிழிலும் தடுக்கி விழ இடம் இருக்கிறது. 'கோழி' என்று எழுதிப் பாருங்கள். வாய் முதலில் சொல்வது 'க்'. கண்ணுக்கு முதலில் தெரிவதோ இரட்டைக்கொம்பு! அப்புறம் 'க', அப்புறம் துணைக்கால். ஓசை ஒரு வரிசை, எழுத்து ஒரு வரிசை. 'கை'யும் அப்படித்தான். நமக்குப் பழகிப்போனதால் தெரியவில்லை. எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு இது மலை. இதற்காக, யு.கே.ஜி. பிள்ளை எழுத்தைத் திருப்பிப் போட்டதும் பயந்து ஓட வேண்டாம். ஆறு, ஏழு வயது வரை பல பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள், தானே சரியாகும். மூன்றாம் வகுப்புக்கு வந்தும், நன்றாகப் பேசுகிற பிள்ளை எழுத்துக் கூட்டித் திணறினால்தான் விசாரிக்க வேண்டும். அதற்கும் முன்னால் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாமல் திட்டு வாங்கும் பிள்ளைகளும் உண்டு.

வாத்தியார் சொல்லித்தரும் முறைகள் படத்தில் ஒரே பாட்டில் ஓடிவிடும். அவை சினிமாவுக்காகக் கட்டியவை அல்ல, பயிற்சி ஆசிரியர்கள் நிஜமாகச் செய்கிறவை. மணலில் விரலால் எழுதுவது, பையன் கையில் எழுத்தை வரைந்து என்ன எழுத்து என்று கேட்பது, களிமண்ணில் எழுத்து பிடிப்பது, படிக்கட்டில் ஏறி இறங்கிக் கூட்டல் கழித்தல் போடுவது. கண், காது, கை மூன்றும் சேர்ந்து கற்கும்போது எழுத்து கொஞ்சம் ஒட்டும். மணலில் எழுதுவது நமக்குப் புதுசா என்ன? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் தாத்தாக்கள் அப்படித்தான் எழுதினார்கள். விஜயதசமிக்கு அரிசியில் எழுதவைக்கிறோம், அன்றோடு மறந்துவிடுகிறோம். எங்கள் ஊரில் ராகி மாவுக்குப் பஞ்சமில்லை. ஒரு தாம்பாளத்தில் பரப்பி, எழுத்தின் ஓசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொன்னேன். மாடி வீட்டுப் பையன் கால்மணி நேரம் வயிற்றுவலி இல்லாமல் உட்கார்ந்தான். மாவு தரையெல்லாம் கொட்டியது வேறு கதை.

படத்தில் எனக்கு ஒப்பாத விஷயங்களும் உண்டு. சாலமன் தீவில் மரத்தைச் சுற்றி நின்று திட்டினால் மரம் பட்டுப்போகும் என்று ஒரு வசனம் வரும். கேட்க உருக்கமாக இருக்கும், நம்பத்தான் முடியவில்லை. ஐன்ஸ்டீனுக்கும் டா வின்சிக்கும் இதே குறைபாடு என்று வகுப்பில் சொல்வார்கள். செத்துப் பல காலம் ஆனவர்களை எந்த டாக்டர் சோதித்தார்? இன்னொன்று, அதுதான் முக்கியம். படிப்பு வராவிட்டால் பிள்ளைக்குள் ஒரு பெரிய ஓவியன் ஒளிந்திருப்பான் என்று அம்மாக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மாடி வீட்டுப் பெண்ணும் அந்த வாரமே கலர் டப்பா வாங்கிவந்துவிட்டாள். பையன் ஒரு மாடு வரைந்தான். அது மாடு என்று அவன் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது! ஓவியமும் வராது, பாட்டும் வராது, பரிசும் வாங்க மாட்டான் என்றாலும் அவனுக்குப் படிக்கச் சொல்லித்தர வேண்டியது நம் கடமை. திறமையைக் காட்டினால்தான் இரக்கம் என்றால் அது என்ன இரக்கம்? அதுவும் தவிர, படத்தில் ஒரே பாட்டில் தேறிவிடுகிறான். நிஜத்தில் வருஷக்கணக்காகும். தினம் கொஞ்சம், விடாமல் கொஞ்சம். இதை மாத்திரை கொடுத்துக் குணப்படுத்த முடியாது. அப்படி விளம்பரம் வந்தால் பர்ஸை இறுக்கி மூடிக்கொள்ளுங்கள்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், தலைமை ஆசிரியர் மூலம் கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்த வேலையே செய்கிறது, ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. நம் பக்கத்துக்காரர்களுக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ் கிட்டம். அது இருப்பதே 'ஓசூர் ரோடு' என்ற நம் ஊர்ப் பெயர் கொண்ட ரோட்டில்தான். இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். 'அது மனநோய் ஆஸ்பத்திரியாச்சே, ஊர் என்ன சொல்லும்?' என்று மாடி வீட்டில் இரண்டு நாள் தகராறு நடந்தது. அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, படிப்புக் குறைபாட்டையும் சோதிக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்ன பிறகு, அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வருகிற ஒரு நாளைப் பார்த்துக் கிளம்புவதாக முடிவாகியிருக்கிறது. ஹாஸ்டல் முன்பணம் அதுவரை நிற்கிறது. சோதனையில் என்ன சொல்வார்களோ, டிஸ்லெக்சியாவே இல்லை என்றும் சொல்லலாம். சொல்லட்டும், அதற்குத்தானே சோதனை?

2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சொல்லியிருக்கும் 21 குறைபாடுகளில் இதுவும் ஒன்று. முறையான சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பரீட்சைகளில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு போன்ற சலுகைகள் கேட்கலாம். சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகுதான் கொடுக்கிறார்கள். பரீட்சை நெருங்கியதும் ஓடினால் கிடைக்காது, முன்கூட்டியே பள்ளி மூலம் விண்ணப்பிக்க வேண்டும்.

சோதனைக்குப் போகும்போது ரேங்க் கார்டோடு பிள்ளையின் பழைய நோட்டுகளையும் எடுத்துப் போங்கள். தமிழ் நோட்டு, இங்கிலீஷ் நோட்டு, கணக்கு நோட்டு, முடிந்தால் இரண்டு வருஷத்தது. மாடி வீட்டுப் பெண் போன வருஷத்து நோட்டையெல்லாம் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டாள். நல்ல வேளை, அவன் வண்டி இன்னும் எங்கள் தெருவை விட்டுப் போகவில்லை. எடைக்கு எடை பழைய வாரப் பத்திரிகைகளைக் கொடுத்து மீட்டு வந்திருக்கிறோம்.